‘யூஸ்ட் டு’ என்றால் வழக்கமா?

12 ஜூன் 2023, காலை. வந்த கேள்வி

தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். நேற்று ஒரு இன்டர்வியூவில் என் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டார்கள். ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்’ என்று சொன்னேன். எதிரில் இருந்தவர் ‘அண்ட் நவ்?’ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘நவ் ஆல்ஸோ ஃபைவ்’ என்றேன். அவர் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். ‘யூஸ்ட் டு’ என்றால் வழக்கம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? என் வாக்கியத்தில் என்ன தப்பு?

12 ஜூன், இரவு

தப்பு ‘யூஸ்ட் டு’வில்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் சொன்னது ‘முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன்’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அப்படிச் சொன்னால் ‘சரி, இப்போது எத்தனை மணிக்கு?’ என்று யாரும் கேட்பார்கள். அவர் மடக்கக் கேட்கவில்லை. நீங்கள் பாதியில் விட்ட கதையின் மீதியைக் கேட்டிருக்கிறார்.

இன்றும் நடக்கிற வழக்கத்துக்கு ‘ஐ வேக் அப் அட் ஃபைவ்’ போதும். வெறும் நிகழ்காலம். ‘தினமும்’ என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. சில நாள் தவறும் என்றால் ‘யூஷுவலி’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரித்தார்களே என்று மனசை விட வேண்டாம். ஓசூரில் பதினோரு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள். முதல் வாரம் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பாதிப் பேருக்கு மேல் இதே வாக்கியம்தான் வரும். ‘ஐ யூஸ்ட் டு கம் பை பஸ்’ என்பார்கள், பஸ் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கும்.

13 ஜூன்

நேற்று விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். தப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த இன்டர்வியூவிலும் இதே வாக்கியம் வாயில் வரும்.

நம் நோட்டுப் புத்தகங்களில் ‘யூஸ்ட் டு’வுக்கு நேராக ‘வழக்கம்’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன், முதல் இரண்டு வருடம் அப்படியேதான் பாடமும் எடுத்தேன். ‘ஐந்து மணிக்கு எழுவது வழக்கம்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த ஆள் இன்று காலையும் ஐந்துக்கு எழுந்திருக்கிறார். ‘எழுவது வழக்கமாக இருந்தது’ என்றால்தான் அது முடிந்துபோன சங்கதி. ஆக, எழுத வேண்டியது ‘வழக்கமாக இருந்தது’. நோட்டில் அந்த ‘இருந்தது’ விழுந்துபோய்விட்டது. பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. எழுதிக் கொடுத்ததை நம்பிப் படித்தார்கள்.

நாம் மட்டும் இல்லை. சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலத்திலும் இன்றைய வழக்கத்துக்கு இதைச் சொல்வது உண்டு. இருந்தாலும் இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை இறந்தகாலமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

15 ஜூன்

‘இது சின்ன விஷயம், பேச்சில் புரிந்துவிடும், இதற்குப் போய் இவ்வளவா’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்று சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்னால் அப்பாவை மூட்டு வலிக்காகப் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பார்த்தவர் இளம் டாக்டர், வடக்கே இருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. அப்பா பழைய எஸ்எஸ்எல்சி. தன் உடம்பைப் பற்றித் தானே பேச வேண்டும் என்பார், நான் வாயைத் திறக்கக் கூடாது. வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ‘ஐ யூஸ்ட் டு டேக் மெட்ஃபார்மின், மார்னிங் அண்ட் நைட்’ என்றார். அது சர்க்கரைக்கான மாத்திரை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எனக்கும் அந்த நேரம் ஒன்றும் உறைக்கவில்லை. பாடம் எடுக்கிறவன் நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கீழே வர லிஃப்டுக்காக நிற்கும்போது சீட்டைப் படித்தேன். சர்க்கரை என்று எழுதி, பக்கத்தில் மெட்ஃபார்மின், அதற்குப் பக்கத்தில் ‘ஸ்டாப்ட்’. அப்பாவின் சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பத்தில் இரண்டு மீதி. காலையில் இட்லிக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தார்.

திரும்ப மாடிக்குப் போனேன். அட்டையை மேஜைமேல் வைத்தேன். ‘ஹி டேக்ஸ் இட். ஈவன் டுடே’ என்றேன். டாக்டர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, வலிக்கு எழுதியிருந்ததையும் ஒருமுறை திரும்பப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காதில் விழுந்ததைத்தான் எழுதினார். அப்பாவையும் சொல்ல மாட்டேன். ‘வழக்கமாகச் சாப்பிடுகிறேன்’ என்று நினைத்து, படித்தபடியே சொன்னார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் இந்தப் பாடம் முதல் நாளே வந்துவிடும்.

16 ஜூன்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ‘யூஸ்ட் டு’ என்றாலே இப்போது நின்றுவிட்டது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது கொஞ்சம் அதிகம். ‘ஐ யூஸ்ட் டு ஸிங் இன் த டெம்பிள், அண்ட் ஐ ஸ்டில் டூ’ என்று ஒருவர் சொல்லலாம். ‘அப்போது பாடுவேன், இப்போதும் பாடுகிறேன்’ என்று பொருள். தப்பே இல்லாத ஆங்கிலம். ஆனால் ‘இப்போதும்’ என்பதை அவர் வாயைத் திறந்து சொன்னதால்தான் அது தெரிந்தது. சொல்லாமல் விட்டால் கேட்பவர் ‘நின்றுவிட்டது’ என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்பா விஷயத்தில் நடந்தது அதுதான்.

19 ஜூன்

‘யூஸ் என்றால் பயன்படுத்து. அது எப்படி வழக்கம் ஆயிற்று? இரண்டும் ஒரே சொல்லா?’ நல்ல கேள்வி. ஒரே வேர்தான். லத்தீனில் ‘ஊஸுஸ்’ என்ற சொல்லுக்குப் பயன்பாடு என்றும் பொருள், வழக்கம் என்றும் பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வரும்போது இரண்டையும் சுமந்துகொண்டே வந்தது.

நமக்கு இது புதிசு இல்லை. ‘புழக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அந்த அண்டா இப்போது புழக்கத்தில் இல்லை’ என்றால் பயன்பாடு. ‘அந்தப் பக்கமெல்லாம் எனக்குப் புழக்கம் கிடையாது’ என்றால் பழக்கம். கையில் அடிக்கடி எடுப்பதுதானே பழகிப்போகிறது. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

19 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

வேரைப் பற்றிப் பேசும்போதே ஒலியையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் வாயில் இரண்டும் வேறு வேறு. தமிழ் எழுத்தில் வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை, அதனால் கையால் காட்டுகிறேன். தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். ‘பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் சொல்லும்போது நடுவில் வரும் ஒலி வண்டு ரீங்காரம் மாதிரி. விரலில் அதிர்வு தெரியும். வழக்கத்தைச் சொல்லும்போது அதே இடத்தில் பாம்பு சீறுகிற ஒலி. விரலில் அதிர்வு இருக்காது. அதோடு கடைசி எழுத்தும் அடுத்து வரும் ‘டு’வும் ஒட்டிக்கொண்டு ‘யூஸ்டு’ என்று ஒரே மூச்சில் போய்விடும்.

எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை வைத்து வகுப்பில் மூன்று வாக்கியம் சொல்வேன்.

‘திஸ் ஸ்டோன் இஸ் யூஸ்ட் டு கிரைண்ட் பேட்டர்.’ இந்தக் கல் மாவாட்டப் பயன்படுகிறது. வண்டு.

‘மை மதர் யூஸ்ட் டு கிரைண்ட் பேட்டர் ஆன் இட்.’ அம்மா இதில் மாவாட்டுவார், இப்போது இல்லை. பாம்பு.

‘மை மதர் இஸ் யூஸ்ட் டு கிரைண்டிங் பேட்டர் ஆன் இட்.’ அம்மாவுக்கு இதில் மாவாட்டிப் பழக்கம், அதனால் கை வலிக்காது. இதுவும் பாம்பு.

மூன்றாவதைக் கவனித்தீர்களா? அங்கே ‘கிரைண்ட்’ இல்லை, ‘கிரைண்டிங்’. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். மாவு என்றதும் வீட்டில் கிரைண்டரைப் போடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

20 ஜூன்

மூன்றாவது வாக்கியத்தில் ‘யூஸ்ட்’ என்பது வினையே இல்லை. ‘பழகிய’ என்பது மாதிரி ஒரு பண்புச்சொல். அதற்குப் பின்னால் வரும் ‘டு’ நம் ‘-க்கு’ மாதிரி. ‘எதற்குப் பழக்கம்?’ என்று கேட்டால் பதிலாக ஒரு பெயர் வர வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஹீட்’, வெயிலுக்குப் பழகியவன். ‘ஐ ஆம் யூஸ்ட் டு நைட் ஷிப்ட்’. செயலைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் செயலைப் பெயராக்கிக் கொடுக்க வேண்டும். நடக்க என்பது நடப்பதற்கு என்று ஆவது போலத்தான். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்’ இல்லை, ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’.

இப்போதுதான் பழகிக்கொண்டு வருகிறேன் என்றால் ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’. முதல் மாசம் நைட் ஷிப்ட் போகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் நிறைய உதவும். சூப்பர்வைசர் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நோ ப்ராப்ளம் சார்’ என்று பொய் சொல்ல வேண்டாம், முடியவில்லை என்றும் சொல்ல வேண்டாம். ‘கெட்டிங் யூஸ்ட் டு இட்’ என்றால் கஷ்டமும் தெரியும், போகப்போகச் சரியாகிவிடும் என்பதும் தெரியும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். நாம் ‘எனக்குப் பழகிப்போச்சு’ என்கிறோம். தமிழில் வந்து பழகுவது அந்த விஷயம், நமக்கு. ஆங்கிலத்தில் பழகுவது ஆள், விஷயத்துக்கு. அதனால்தான் ‘நைட் ஷிப்ட் இஸ் யூஸ்ட் டு மீ’ என்று வகுப்பில் வருகிறது. அடித்துத் திருத்தும்போது எனக்கே மனசு வராது. தமிழில் பார்த்தால் நூற்றுக்கு நூறு சரி.

அப்புறம், ‘பழகிப்போச்சு’ என்ற சொல்லில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ சாதாரணத் தகவல். ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றி ‘பழகிப்போச்சு சார்’ என்றாள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வகுப்பே பதினைந்து நிமிஷம் யோசித்தது. கடைசி வரை யாருக்கும் திருப்தி இல்லை.

24 ஜூன்

‘வுட்’ போட்டும் பழைய வழக்கத்தைச் சொல்லலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லலாம். ‘எவ்ரி சண்டே வீ வுட் கோ டு த ரிவர்.’ இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போடலாம்.

26 ஜூன்

முந்தின குறிப்பைத் திருத்துகிறேன். ‘எதை வேண்டுமானாலும்’ என்று எழுதியிருக்கக் கூடாது. மறுநாளே வகுப்பில் ஒரு பையன் ‘வென் ஐ வாஸ் எ சைல்ட், ஐ வுட் லிவ் இன் தர்மபுரி’ என்றான். என் குறிப்பைப் படித்துவிட்டு வந்தவன். அது சரியில்லை.

‘வுட்’ செயலுக்கு மட்டும்தான். போவோம், குளிப்போம், பாட்டி கதை சொல்வாள், இதெல்லாம் சரி. இருப்பு, உடைமை, விருப்பம், நம்பிக்கை மாதிரியான நிலைகளுக்கு அது ஒத்துவராது. தர்மபுரியில் இருந்தேன், சைக்கிள் வைத்திருந்தேன், பேய் இருக்கிறது என்று நம்பினேன், இதற்கெல்லாம் ‘யூஸ்ட் டு’தான். இன்னொன்று, ‘வுட்’ போடுவதற்கு முன்னால் காலம் எது என்று சொல்லியிருக்க வேண்டும். ‘சின்ன வயசில்’ என்றோ ‘தாத்தா இருந்தபோது’ என்றோ தொடங்கிவிட்டால் அப்புறம் ‘வுட்’, ‘வுட்’ என்று ஓடலாம். எடுத்த எடுப்பில் ‘ஐ வுட் கோ டு த ரிவர்’ என்றால் ‘முடிந்தால் போவேன்’ என்கிற மாதிரி ஆகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ‘வுட்’ என்பது ‘வில்’ என்ற எதிர்காலச் சொல்லின் இறந்தகால வடிவம். எதிர்காலத்தைச் சொல்கிற சொல் போய்ப் பழைய வழக்கத்தைச் சொல்கிறது. விசித்திரமாகத் தெரிகிறதா? ‘சின்ன வயசுல தினமும் ஆத்துல குளிப்போம்.’ இதில் ‘குளிப்போம்’ என்ன காலம்? நாம் இதை தினமும் செய்கிறோம், கவனிப்பதில்லை.

2 ஜூலை

எதிர்மறை. ‘ஐ டிட் நாட் யூஸ் டு’வா, ‘யூஸ்ட் டு’வா என்ற சண்டை. ‘டிட்’ வந்தால் அடுத்த வினை மொட்டையாக வர வேண்டும். ‘டிட் கோ’ என்கிறோம், ‘டிட் வென்ட்’ என்பதில்லை. அதே கணக்கில் ‘டிட் நாட் யூஸ் டு’ என்றுதான் எழுத வேண்டும். ‘யூஸ்ட்’ என்று எழுதினால் தப்பு.

2 ஜூலை, மாலை

‘ஆனால் இங்கிலீஷ்காரர்களே அப்படி எழுதுகிறார்களே’ என்று உடனே பதில் வந்துவிட்டது. உண்மைதான். முன்னால் சொன்ன ஒலியை நினைத்துப் பாருங்கள். கடைசி எழுத்து ‘டு’வோடு ஒட்டிக்கொள்வதால் ‘யூஸ் டு’வும் ‘யூஸ்ட் டு’வும் காதுக்கு ஒன்றுதான். காதால் கேட்டு வளர்ந்தவர்கள் கேட்டதை எழுதுகிறார்கள். அச்சில் வரும் நல்ல எழுத்திலும் இரண்டும் கிடக்கிறது. அதனால் ‘தப்பு’ என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பரீட்சை எழுதுகிறவர்கள் மொட்டை வடிவத்தையே எழுதுங்கள், மார்க் போகாது. பேசும்போது இந்தக் கவலையே வேண்டாம், யார் காதிலும் வித்தியாசம் விழாது.

நான் சொல்லிக்கொடுப்பது வேறு வழி. ‘நெவர் யூஸ்ட் டு’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஹி நெவர் யூஸ்ட் டு ஈட் ஃபிஷ்.’ முன்பெல்லாம் அவர் மீன் சாப்பிட மாட்டார். ‘டிட்’ இல்லை, சந்தேகமும் இல்லை.

5 ஜூலை

சின்னதாக ஒன்று. ‘ஐ யூஸ்ட் டு ஒர்க் தேர் ஃபார் ட்வென்டி டூ இயர்ஸ்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மொத்தம் இத்தனை வருடம், மொத்தம் இத்தனை தடவை என்று கணக்குச் சொல்லிவிட்டால் ‘யூஸ்ட் டு’ நிற்காது. ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ட்வென்டி டூ இயர்ஸ்.’ நானும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சரியாக இருபத்திரண்டு வருடம் இருந்தவன், அதனால் இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பழக்கம். ‘ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்’ என்பது மட்டும் வரலாம். அது திரும்பத் திரும்ப வருகிற அளவு, மொத்தக் கணக்கு இல்லை.

9 ஜூலை

ஞாயிறு வகுப்புக்குச் சர்ச்சிலிருந்து நேராக வருகிற ஒரு அம்மா இருக்கிறார். இன்று கையில் பழைய ஆங்கில பைபிளோடு வந்தார். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. 119ஆம் சங்கீதம், 132ஆம் வசனத்தில் விரலை வைத்துக் காட்டினார். உன் நாமத்தை நேசிக்கிறவர்களுக்கு நீ செய்வது போல என்று கடவுளை வேண்டுகிற இடம். அங்கே ‘ஆஸ் தவ் யூஸெஸ்ட் டு டூ’ என்று இருக்கிறது. யூஸெஸ்ட்! நிகழ்காலம். ‘நீ வழக்கமாகச் செய்வது போல.’

‘அப்படியென்றால் நாங்கள் சொன்னது சரிதானே சார்?’ என்றார். நானூறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சரிதான் அம்மா என்றேன். அப்போது இந்த வினைக்கு நிகழ்காலமும் இருந்தது. பிறகு நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி இருந்து ஒருவர் போய்விட்டது மாதிரி. நம் பிள்ளைகள் ‘ஐ யூஸ்ட் டு வேக் அப்’ என்று இன்றைய பழக்கத்தைச் சொல்லும்போது, அந்தப் போய்விட்டவரின் வேலையைத்தான் இருப்பவர் தலையில் கட்டுகிறார்கள். மொழிக்கு அப்படி ஒரு தேவை ஒரு காலத்தில் இருந்தது என்பது நிஜம்.

அதே பைபிளில் எரேமியா 2ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில் வனாந்தரத்துக்குப் பழகிய காட்டுக்கழுதை ஒன்று வருகிறது. அங்கே ‘யூஸ்ட் டு த வில்டர்னஸ்’. ஆட்டுக்கல்லின் மூன்றாவது வாக்கியம் இதுதான்.

16 ஜூலை

ஓசூரில் பாடம் எடுப்பதில் ஒரு லாபம். ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உட்கார்ந்திருக்கும். ‘யூஸ்ட் டு’வை அவரவர் வீட்டு மொழியில் சொல்லுங்கள் என்றேன்.

தெலுங்குப் பையன் யோசிக்கவே இல்லை. ‘வெள்ளேவாண்ணி’ என்றான். போவேன், இப்போது இல்லை. பெண் என்றால் ‘வெள்ளேதான்னி’. பழைய வழக்கத்தைச் சொல்வதற்கென்றே தனி வடிவம். கன்னடக்காரர் ‘ஹோகுத்தித்தெ’ என்றார். அது ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பதற்கும் வரும், ஆனால் இறந்தகாலம் என்பதில் சந்தேகம் இல்லை. பாலக்காட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் நர்ஸ் ஒருவர் மலையாளத்தில் இரண்டையும் பிரித்தே காட்டினார். இன்றும் போகிற வழக்கம் ‘போகாறுண்டு’, முடிந்த வழக்கம் ‘போகாறுண்டாயிருந்நு’.

அப்புறம் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ‘போவது வழக்கம்’ என்றார்கள். ‘போவதுண்டு’ என்றார்கள். இரண்டுமே இன்றைக்கும் பொருந்தும், அன்றைக்கும் பொருந்தும். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. பக்கத்து வீடுகளில் எல்லாம் இருக்கிற பாத்திரம் நம் வீட்டில் இல்லையா என்று.

18 ஜூலை

முந்தின குறிப்பின் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டிலும் இருக்கிறது, நேற்றுத்தான் கண்ணில் பட்டது.

அப்பாவோடு ஸ்கூட்டரில் ராமநாயக்கன் ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு திருப்பத்தில் என் தோளைத் தட்டி, ‘முன்னாடி இங்க ஒரு புளியமரம் இருக்கும்’ என்றார். இப்போது அங்கே செல்போன் கடை. அப்பா சொன்னது ‘இருந்தது’ இல்லை, ‘இருக்கும்’. எதிர்கால வடிவம். மரம் வெட்டிப் பல வருடம் ஆயிற்று. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டால் மரம் அங்கே தினமும் நின்றதும், வருகிறவர்கள் சைக்கிளை அதில் சாய்த்ததும், இப்போது அது இல்லாததும் எல்லாம் தெரிகிறது. ‘தேர் யூஸ்ட் டு பி எ டேமரிண்ட் ட்ரீ ஹியர்.’ ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நம்மிடம் தனி விகுதி இல்லை. ஆனால் ‘முன்னாடி’ என்று தொடங்கி ‘-வேன், -வோம், -உம்’ என்று முடித்தால் அது அப்படியே ‘யூஸ்ட் டு’. ‘முன்னாடி அஞ்சு மணிக்கு எழுவேன்.’ ‘முன்னாடி கறி சாப்பிடுவார்.’ ‘முன்னாடி மாத்திரை போடுவேன்.’ இந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா தமிழில் சொல்லியே இருக்க மாட்டார். சொல்ல வந்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

இறந்துபோனதற்கு எதிர்காலச் சொல்லா என்று ஒரு நண்பர் கேட்டார். பெயர்தான் எதிர்காலம். பேச்சில் அது பழக்கத்தைச் சொல்கிற வேலையைத்தான் அதிகம் செய்கிறது. முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதி சொல்கிறது, மலை நிற்கிறது என்கிற மாதிரி. நம் வாயிலோ ‘சூரியன் கிழக்க உதிக்கும்’ என்றுதான் வருகிறது.

21 ஜூலை

நேற்று வகுப்பில் பலகையில் ‘யூஸ்ட் டு’வுக்கு நேராக ‘வழக்கம்’ என்று எழுதவில்லை. ‘முன்னாடி … -ஓம்’ என்று எழுதினேன். அவ்வளவுதான் விளக்கம். ஆளுக்கு ஒரு வாக்கியம் முதலில் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் என்றேன்.

பின் பெஞ்சில் ஒரு பெண் இருப்பாள். ரோஜா தோட்டத்தில் பூக்கட்டு அடுக்கும் வேலை, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ‘முன்னாடி நானும் எங்க அக்காவும் ஒரே போர்வையில தூங்குவோம்’ என்றாள். கொஞ்சம் நிறுத்தி, ‘மை சிஸ்டர் அண்ட் ஐ யூஸ்ட் டு ஸ்லீப் அண்டர் ஒன் பிளாங்கெட்’ என்றாள். அக்கா இப்போது எங்கே என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். கல்யாணமாகி ராயக்கோட்டையில் இருக்கிறாளாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: அடுத்த இன்டர்வியூ எப்போது? வாய்க்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘முன்னாடி’ வந்தால் ‘யூஸ்ட் டு’. ‘தினமும்’ வந்தால் ‘ஐ வேக் அப் அட் ஃபைவ்’.